1963 ஸ்டூடிபேக்கர் அவான்டி: ஃபைபர் பாடியில் விரிசல், படகுக்குப் போடுற ரெசின் போதுமா?

வள்ளியூர்_ஃபைபர்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில நிக்கிற 1963 ஸ்டூடிபேக்கர் அவான்டிங்கிற அமெரிக்கக் காருக்கு ஃபைபர் வேலை பாக்கணும். உவரி, கூத்தங்குழி கடற்கரையில வள்ளத்துக்கு ஃபைபர் போடுற வேலை எனக்குத் தெரியும், கார் பாடி புதுசு. வண்டி ஆர்-1 இன்ஜின், சூப்பர்சார்ஜர் இல்ல. ஸ்டியரிங் இடது பக்கம். நாலைஞ்சு வருசமா ஓடல.

குறைன்னு பாத்தா, முன் கண்ணாடியோட கீழ்மூலை ரெண்டுலயும் விரல் நீளத்துக்கு விரிசல். இடது கதவுக்கு முன்னால ஃபெண்டர்ல 40 செ.மீ. நீளத்துல ஒண்ணு, உள்பக்கம் வரைக்கும் போயிருக்கு. முன்னாடி யாரோ அதுமேல பட்டி வச்சு அடைச்சிருக்காங்க, இப்போ அது மேடு தட்டி ஓரம் பிரிஞ்சு நிக்குது. இடது கதவைச் சாத்துனா பின்னோரத்து மேல்மூலை இடிக்குது, கீழ கேப் அகலமா இருக்கு. கதவுக் கீல்ல ஆட்டம் இல்ல.

கேக்க வேண்டியது:
வள்ளத்துக்குப் போடுற சாதா பாலியஸ்டர் ரெசினும் 450 மேட்டும் (சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி இழை விரிப்பு) இதுக்கு ஆகுமா, இல்ல எபாக்சிதான் போடணுமா?
எத்தனை அடுக்கு? உள்பக்கமா, வெளிப்பக்கமா?
மேல ஜெல்கோட் (ரெசின் மேல்பூச்சு) அடிச்சு விடலாமா?
பழைய பெயின்டை எடுக்க ரிமூவர் போடலாமா?
இந்த மாடல் மொத்தமே ஆயிரம் வண்டிதான்னு சொல்லுதாவ, உண்மையா?

பாளை_வி8:

ரெசினைக் கொஞ்சம் ஓரமா வைங்க தம்பி. கதவு மேல இடிக்குது, கீழ விரியுதுன்னு எழுதியிருக்கீங்களே, முதல்ல அதைப் பாக்கணும்.

அவான்டியில ஃபைபர் துருப்பிடிக்காது. அதைத் தாங்குற இரும்பு துருப்பிடிக்கும். ரெண்டு பக்கமும் கதவுக்கு அடியில, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, நீளவாக்குல ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். பன்னிக்குத் தீனி வைக்கிற தொட்டி மாதிரி வடிவம், அதனால அமெரிக்காவுல அதுக்கு 'ஹாக் டிராஃப்'னே பேரு. ஃபைபர் பாடி அந்தத் தொட்டியோட ரிவெட்ல பிடிச்சு நிக்கும், தொட்டி சேஸோட பிராக்கெட்ல போல்ட்டுல நிக்கும். மண்ணும் ஈரமும் உள்ள அடைஞ்சு தொட்டி அரிச்சுப் போச்சுன்னா பாடி நடுவுல தொய்யும். கதவு வாசல் மேல சுருங்கும், கீழ விரியும். அந்த இழுப்பு பூரா கண்ணாடிக் கீழ்மூலைக்கும் கதவுக்கு முன்னால உள்ள ஃபெண்டருக்கும்தான் போய்ச் சேரும். நீங்க சொல்லுத விரிசல் எல்லாம் அந்த இடத்துலயேதான் இருக்கு. இப்பவே மேல ஒட்டிட்டீங்கன்னா, பிறகு தொட்டியை மாத்தப் பாடியைத் தூக்கும்போது ஒட்டின இடமே மறுபடியும் வாய் திறக்கும்.

சோதிக்கிறது இப்படி. வண்டி சமதளத்துல, நாலு சக்கரமும் தரையில. கதவோட பின்னோரக் கேப்பை மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல அளந்து எழுதுங்க. ட்ரில் பிட்டை கேப்ல விட்டுப் பாத்தாலே அளவு கிடைச்சிரும். பிறகு முன்பக்கம் சேஸோட குறுக்குச் சட்டத்துல ஜாக்கி வச்சு சக்கரம் தரையை விட்டு எழும்புற அளவு தூக்கி, திரும்ப அளக்கணும். மேல் கேப் 1 மி.மீ.க்கு மேல மாறுச்சுன்னா தொட்டியில பலம் இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அடியில படுத்து, டார்ச்சும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் வச்சுக் குத்திப் பாருங்க. மேல தார் மாதிரி கறுப்பா அண்டர்கோட் அடிச்சிருப்பாங்க, அது முழுசா இருந்தா ஏமாந்துரக்கூடாது. பின் சக்கரத்துப் பக்கம் உள்ள முனைதான் முதல்ல போகும், சேறு அங்கன போய்த்தான் அடையும்.

ஜாக்கியைத் தொட்டிக்கு அடியில வைக்கவே கூடாது. சேஸ்ல மட்டும்.

எண்ணிக்கை கேட்டீங்க. 1963 மாடல் 3,834, 1964 மாடல் 809, ஆக மொத்தம் 4,643. இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஆலையில கட்டினது. 1963 டிசம்பர்ல அந்த ஆலையில கார் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. வடிவம் ரேமண்ட் லோவியோட குழு போட்டது. ஆனா 1965-ல இருந்து வேற ஆட்கள் அதே பாடியை 'அவான்டி டூ'ன்னு கட்டினாங்க, அதுல ஷெவர்லே 327 இன்ஜின். உங்க வண்டி எதுன்னு உறுதி பண்ணிக்கிடுங்க, ஏன்னா இன்ஜின் சாமான் ஒண்ணுக்கொண்ணு சேராது. ஸ்டூடிபேக்கர் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிக்கும். அவான்டி டூவில முன்பக்கம் உயந்து, சக்கர வளைவும் சுருங்கி இருக்கும். பிளாக் முன்மேல் பக்கத்துல குத்தியிருக்கிற இன்ஜின் நம்பர் 'ஆர்'னு தொடங்குனா ஆர்-1, 'ஆர்.எஸ்.'னு தொடங்குனா சூப்பர்சார்ஜர் வச்ச ஆர்-2.

வள்ளியூர்_ஃபைபர்:

அண்ணாச்சி, பாத்துட்டேன். நம்பர் ஆர்-லதான் தொடங்குது. இடது கதவு கேப் மேல 3, நடு 5, கீழ 9 மி.மீ. முன்பக்கம் தூக்கினதும் மேல 1-க்கும் கம்மி, கதவே திறக்க வரல. வலது பக்கம் 5, 5, 6. தூக்குனாலும் அரை மி.மீ.தான் மாறுது. இடது தொட்டியில பின்முனையில ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. உதிர்ந்து விழுந்தது அரைச் சட்டித் துரு. மாத்துறதுன்னா பாடியைச் சேஸ்ல இருந்து முழுசா இறக்கணுமா?

பாளை_வி8:

இறக்க வேண்டாம். பாடி மேல இருக்கும்போதே மாத்தலாம், ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் மட்டும். ரெண்டு பக்கமும் ஒண்ணா அறுத்தா பாடி எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. வலது பக்கமும் அதே வயசு இரும்புதான், இடதை முடிச்சதும் அதையும் திறந்து பாத்துருங்க.

முதல்ல பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளிய கொண்டு போயிருங்க. அது பின்சீட்டுக்குப் பின்னால இருக்கு. நீங்க கட்டிங் வீல் போடப்போறீங்க, தீப்பொறி ஃபைபர் தூசியில விழுந்தாலே பிடிச்சுக்கும். கோணிச் சாக்கை நனைச்சு ஃபைபர் தெரியிற இடமெல்லாம் மூடி, பக்கத்துல ரெண்டு வாளித் தண்ணி வைங்க.

வண்டி சக்கரத்துல நிக்கட்டும். கதவு வாசலுக்கு நேர், தொட்டிக்கு உள்பக்கமா, தரைத் தட்டுக்கு அடியில 2 அங்குல மரப்பலகை ஒண்ணை நீளவாக்குல கொடுத்து, அதுக்குக் கீழ ரெண்டு ஜாக்கி. பிராக்கெட் போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு ஆயில் ஊத்தி ஊற வச்சு, ஒவ்வொண்ணா இளக்குங்க. இளக்குன பிறகு ஜாக்கியைக் கால் சுத்து, கால் சுத்தா ஏத்திக்கிட்டே கேப்பைப் பாருங்க. மேல், நடு, கீழ மூணும் வலது பக்கத்துக் கணக்குக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுருங்க. ரொம்ப நாள் தொய்ஞ்சு நின்ன ஃபைபர் உடனே திரும்பாது. அவசரப்பட்டு ஒரே தம்முல ஏத்துனா கண்ணாடி உடையும். மறுநாள் காலையில கேப் மாறியிருந்தா திருத்தி, பிறகு கதவு வாசல் குறுக்கே ஒரு டர்ன்பக்கிள் கம்பி (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறது) கட்டி இறுக்கிருங்க.

பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல தகட்டு வாஷர்கள் சொருகியிருக்கும். எந்த இடத்துல எத்தனை, என்ன தடிப்புன்னு எழுதி, இடம் வாரியா டப்பாவுல போடுங்க. ஆலையில பாடி உயரத்தைச் சரி பண்ணுனது அதை வச்சுத்தான். கலந்துட்டா கேப் மறுபடி எப்பவும் சரியா வராது.

ரிவெட் தலையை ட்ரில் பண்ணி எடுங்க, உளி வச்சு அடிக்காதீங்க. அடிச்சா ஃபைபர் ஓட்டை விரிஞ்சிரும். பழைய தொட்டி எவ்வளவு அரிச்சிருந்தாலும் தூர எறியாம அதைத்தான் அச்சா வைக்கணும். அமெரிக்காவுல ஸ்டெயின்லெஸ்ல செஞ்சே விக்கிதாங்க, வரவழைக்கிற செலவு பாத்துக்கிடுங்க. இங்கன மடிக்கிறதா இருந்தா 16 கேஜ் ஸ்டெயின்லெஸ் 304, பிரஸ் பிரேக் வச்சிருக்கிற பட்டறையில மடிச்சு, வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியவே முடிச்சிரணும். ஃபைபர் பக்கத்துல வெல்டிங் வைக்கக்கூடாது, ரெசின் வெந்து பொடியாகும். பிடிக்க ஸ்டெயின்லெஸ் ரிவெட். அலுமினிய ரிவெட் ஸ்டெயின்லெஸ்ஸோட சேர்ந்தா உப்பு ஈரத்துல அலுமினியம்தான் முதல்ல கரையும். ரிவெட்டோட, ஒட்டுற முகத்துக்கு ரெண்டு பாக எபாக்சிப் பசையும் தடவுங்க. ரெண்டு பக்கத்தையும் 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, அசிட்டோன்ல துடைச்ச பிறகு.

பசை ஒரு நாள் காயட்டும். பிறகு போல்ட்டை இறுக்கி, ஜாக்கியை எடுத்து, கேப்பை அளந்து எழுதுங்க. வண்டியைத் தோட்டத்துக்குள்ளயே பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் தள்ளியோ ஓட்டியோ ஆட விட்டுட்டு மறுபடி அளங்க. கேப் அசையாம நின்னா மட்டும் மேல் வேலைக்குப் போங்க.

கொற்கை_எஃப்.ஆர்.பி.:

இரும்பு வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன். வள்ளத்துக்கும் இந்தப் பாடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான்.

வள்ளத்தை அச்சில் ஜெல்கோட் அடித்து, அதன்மேல் மேட்டும் ரெசினும் கையால் வைத்துக் கட்டுகிறோம். அவான்டியின் பாடித் துண்டுகளை ஒஹாயோவில் ஆஷ்டபுலா ஊர் நிறுவனம் இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவில் அழுத்தி வார்த்தது. கார்வெட் காருக்கும் அவர்கள்தான் வார்த்தார்கள். அதனால் இரு பக்கமும் வழவழப்பு, ஜெல்கோட் கிடையாது, தடிப்பு 2.5 முதல் 3 மி.மீ.தான். பல துண்டுகளைப் பசை வைத்து ஒட்டிச் சேர்த்த உடம்பு அது. எனவே வேலைக்கு முன் உங்கள் விரிசல் ஓடுவது துண்டின் நடுவிலா, ஒட்டு இணைப்பின் மேலா என்று பாருங்கள். உள்பக்கம் விரல் வைத்துத் தடவினால், இணைப்புள்ள இடத்தில் அகலமான பட்டை ஒன்று தட்டுப்படும். இணைப்பில்தான் பிரிந்திருக்கிறது என்றால் மேலே மேட் போட்டுப் பயனில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை செலுத்தி, கிளாம்ப் போட வேண்டும்.

ரெசின். சாதாப் பாலியஸ்டர் ஈரத்தோடு ஈரமாகப் போடும்போது நன்றாகப் பிடிக்கும். முழுக்க இறுகி அறுபது வருடமான பழைய ஃபைபர் மீது அதன் பிடிப்பு குறைவு. வள்ளத்தில் ஒட்டுப் போட்ட இடம் இரண்டு பருவத்தில் ஓரம் கிளம்புவது இதனால்தான். இங்கே வினைல் எஸ்டர் ரெசின் போடுங்கள். பிடிப்பும் கூடுதல், வெயில் சூட்டையும் தாங்கும். தூத்துக்குடியில் படகுச் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முன்கூட்டியே சேர்த்ததா இல்லையா என்று கேட்டு வாங்குங்கள்.

எபாக்சியும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உங்களிடம் உள்ள 450 மேட்டோடு சேராது. அந்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பொடியோ பாலோ, பாலியஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்களில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைத்தபடியே நிற்கும். எபாக்சி போட்டால் நெய்த துணி வாங்க வேண்டும். எபாக்சிக்கு மேல் பிறகு பாலியஸ்டர் பட்டி வைப்பதும் சிக்கல், சில நேரம் காயாமல் பிசுபிசுக்கும். எல்லாவற்றையும் வினைல் எஸ்டரிலேயே முடிப்பது சுலபம்.

பழைய பட்டியை மிச்சமில்லாமல் எடுங்கள். ரிமூவர் வேண்டவே வேண்டாம். அது பெயின்டோடு நிற்காமல் ரெசினுக்குள் ஊறும், மாதங்கள் கழித்துப் புதுப் பெயின்டின் கீழிருந்து கொப்புளமாக வரும். சாண்ட் பிளாஸ்ட்டும் கூடாது, ரெசினை அரித்து இழையை வெளியே காட்டிவிடும். தட்டையான பிளேடால் சுரண்டி, பிறகு 80 நம்பரில் தேயுங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழி இல்லை.

விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். முனை கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றுத் தள்ளியே இருக்கும், மையைத் தடவித் துடைத்தால் கோடு எங்கே முடிகிறது என்று தெரியும். அடுத்து வெளிப்பக்கம் 36 நம்பர் டிஸ்க்கால் விரிசலை நோக்கிச் சரிவு எடுக்க வேண்டும். தடிப்பைப் போல 12 மடங்கு, அதாவது 3 மி.மீ. தடிப்புக்கு இருபுறமும் 36 மி.மீ. இதில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். வி வடிவத்தில் ஒடுக்கமாக வெட்டி நிரப்பினால் ஒட்டு நிற்பது வெறும் விளிம்பில்தான், ஆறு மாதத்தில் அதே கோடு பெயின்டில் தெரியும்.

உள்பக்கத்தையும் தேய்த்து முதலில் அங்கே இரண்டு அடுக்கு 450 போடுங்கள், விரிசலைத் தாண்டி ஒன்று 75 மி.மீ., அடுத்தது 50 மி.மீ. அது இறுகியதும் வெளிச்சரிவில் 300 மேட் நான்கு அடுக்கு. பெரிய துண்டு முதலில், சிறியது கடைசியில். பெரியது அடியில் இருந்தால் அதன் முழு அகலமும் பழைய உடம்பில் ஒட்டும். மேட்டைக் கத்தரியால் நேராக வெட்டாமல் கையால் கிழியுங்கள், ஓரம் மெலிந்து கலக்கும்.

கணக்கு ஒன்று. 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்றால் 0.04 சதுர மீட்டர். ஒரு அடுக்கு 300 மேட் 12 கிராம், நான்கு அடுக்கு 48 கிராம். ரெசின் இரண்டரை மடங்கு, 120 கிராம். ஒரு சதவீதக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) என்றால் 1.2 கிராம். வள்ளத்துக்கு மூடியில் ஊற்றும் பழக்கம் இங்கே உதவாது. சின்ன டிஜிட்டல் தராசும் சிரிஞ்சும் வையுங்கள்.

வெயிலைச் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் 38, 39 டிகிரியில் ரெசின் கையிலேயே இறுகும். உடனே கேட்டலிஸ்டைக் குறைக்கத் தோன்றும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே முழுமையாக இறுகியிருக்காது. குறைக்க வேண்டியது கோபால்ட்டை. அதையும்விட நல்லது, காலை ஏழு மணி முதல் பத்து மணிக்குள், ஓலைப் பந்தல் நிழலில், ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காமல் வேலை செய்வது. கலந்ததைக் குவளையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றினால் சூடேறாமல் இன்னும் சில நிமிடம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தள்ளிப் போடுங்கள். மேட் ஈரம் குடித்தால் வெள்ளையாகவே நிற்கும், ரெசின் ஏறாது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட் ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கண்ணாடி அணியாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

ஜெல்கோட் வேண்டாம். இந்தப் பாடிக்கு அது எப்போதும் கிடையாது, பெயின்டுக்கு அடியில் தடிப்பாக இருந்தால் மயிரிழை வெடிப்பு வரும். வேலை முடிந்த பிறகு ஒட்டுப் போட்ட இடத்தைப் பெயின்ட் இல்லாமல் ஒரு வாரம் வெயிலில் காய வையுங்கள். இங்கே நம் வெயில் உதவிக்கு வருகிறது. இறுக வேண்டியதெல்லாம் பெயின்டுக்கு முன்பே இறுகிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் ரெசின் சுருங்கி, மேட்டின் இழை அச்சு அப்படியே மேலே தெரியும். அதன்பின் மெல்லிய பட்டி, எபாக்சி பிரைமர், டூ-கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பெயின்ட். உரிமையாளர் நிறம் கேட்டால் வெள்ளை, தங்கம், டர்காய்ஸ் எல்லாம் 1963-ல் ஆலையிலேயே இருந்த நிறங்கள். கறுப்பும் இருந்தது, ஆனால் நம் ஊர் வெயிலில் கறுப்பு ஃபைபர் ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கும்.

வள்ளியூர்_ஃபைபர்:

ரொம்ப நன்றிண்ணே. ஒரு சந்தேகம். கண்ணாடி மூலையில சரிவு எடுக்கக் கண்ணாடியைக் கழற்றணுமா? இன்னொண்ணு, தொட்டி முடிஞ்சதும் இன்ஜினை ஓட விடணும்னு உரிமையாளர் சொல்லுதாரு. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது, யாராவது சொன்னா மெக்கானிக்கிட்ட காட்டிருவேன்.

கொற்கை_எஃப்.ஆர்.பி.:

கழற்றத்தான் வேண்டும். கண்ணாடி ரப்பருக்கு அடியில் விரிசல் இன்னும் போயிருக்கும், பாதியில் ஒட்டினால் மிச்சப் பாதி அதை இழுக்கும். பழைய ரப்பர் கல்லாகியிருக்கும், நெம்பாமல் உள்பக்கமாக அறுத்துவிடுங்கள். புது ரப்பர் கைக்கு வந்த பிறகு அறுங்கள்.

தாமிரபரணி_கார்ப்:

இன்ஜின் பத்தி நான் சொல்லுதேன். 289 கன அங்குலம், ஏறக்குறைய 4.7 லிட்டர், 240 குதிரை சக்தி. ஆர்-1-ல கம்ப்ரஷன் 10.25-க்கு 1. இதுக்கு 91 ஆக்டேன் பெட்ரோல் போட்டு நம்ம வெயில்ல பாளை மேம்பாலம் ஏறுனா கட்டாயம் நாக் அடிக்கும் (பெட்ரோல் தானா வெடிச்சு இன்ஜின் தட்டும்), பிஸ்டன் விளிம்பு உடையும். குறைஞ்சது 95, கிடைச்சா 100. அப்படியும் சத்தம் கேட்டா டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னால தள்ளுங்க.

ரெண்டாவது, இப்போ பங்க்ல வர்ற இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1963 ரப்பர் எத்தனாலைத் தாங்காது. பெட்ரோல் ஓஸ் எல்லாத்தையும் மாத்தணும், ஓஸ் மேல எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9-னு அச்சடிச்சிருக்கணும். பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் ஆக்சிலரேட்டர் பம்ப் வாஷர் ரெண்டும் எத்தனாலுக்கு ஆகுற கிட்டா வாங்குங்க. டேங்குக்குள்ள வருசக்கணக்கா படிஞ்ச பிசினை எத்தனால் கரைச்சுக் கொண்டாந்து கார்புரேட்டர்ல போடும், அதனால டேங்கை வெளிய எடுத்திருக்கும்போதே கழுவிரணும், பம்புக்கு முன்னால கண்ணுக்குத் தெரியிற ஃபில்டர் ஒண்ணு வைங்க.

இ-20-க்கு, எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட எரிபொருள் 8 சதவீதம் கூடுதலாப் போகணும். இல்லைன்னா லீனா (பெட்ரோல் குறைஞ்சு, காத்து கூடி) ஓடி சூடு ஏறும். இதுல உள்ள கார்ட்டர் ஏ.எஃப்.பி. கார்புரேட்டர்ல ஒரு வசதி இருக்கு: மேல ரெண்டு சின்ன மூடி, ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினாலே மீட்டரிங் ராடு (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற கம்பி) வெளிய வந்திரும், கார்புரேட்டரைப் பிரிக்கவே வேண்டாம். ஒரு படி மெல்லிய ராடு போட்டு, பிளக்கை எடுத்து நிறம் பாருங்க. வெள்ளையா இருந்தா இன்னும் லீன், காப்பிப்பொடி நிறம் வந்தா சரி. ஸ்ப்ரிங்கும் பிஸ்டனும் ராடோட சேர்ந்து துள்ளும், கையை மேல வச்சுக்கிட்டே ஸ்க்ரூவை இளக்குங்க.

சூடான இன்ஜினை நிறுத்திட்டுப் பத்து நிமிசம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணுனா எடுக்கலையா, கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிச்சுப் போயிருக்கும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல அரை அங்குல ஃபினாலிக் ஸ்பேசர் (சூட்டைத் தடுக்கிற தட்டு) போட்டாப் பெரும்பாலும் தீரும். போட்ட பிறகு பானட் இடிக்குதான்னு களிமண் உருண்டை வச்சுப் பாத்துக்கிடுங்க.

கூலிங்தான் இந்த வண்டிக்குப் பெரிய விஷயம். முன்னால கிரில் கிடையாது, காத்து பம்பருக்கு அடியில இருந்துதான் ஏறும். ரேடியேட்டரைச் சுத்தி உள்ள தகடு, ரப்பர் பட்டை, கீழ உள்ள காத்துத் தடுப்பு எதுவும் விட்டுப் போயிருக்கக்கூடாது. விட்டுப் போனா காத்து ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டுப் போயிரும். ரேடியேட்டரை மட்டும் கழுவி, தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிஞ்சா தீரும்னு நினைக்காதீங்க. ஸ்டூடிபேக்கர் வி8 பிளாக்ல பின்கோடி சிலிண்டர்களைச் சுத்தி, வார்ப்புல தங்கின மண்ணும் கம்பித் துண்டும் துருவும் சேறாக் கட்டிக் கிடக்கும். தண்ணி அங்கன சுத்தவே சுத்தாது, மீட்டர் முள்ளு சரியாக் காட்டும், பின்பக்கம் வெந்துக்கிட்டு இருக்கும். பிளாக் ரெண்டு பக்கமும் உள்ள டிரெய்ன் பிளக்கைக் கழற்றுங்க. கழற்றினதும் தண்ணி வரலைன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம். கம்பியை விட்டு நோண்டினது போதாது, பக்கவாட்டு கோர் பிளக்கை (பிளாக் ஓட்டையை அடைக்கிற தகட்டு மூடி) எடுத்துட்டு, வளைச்ச கம்பியும் பிரஷர் தண்ணியும் வச்சு, தெளிவா வர்ற வரைக்கும் கழுவணும். கோர் பிளக் புதுசா பித்தளையில போடுங்க. நிரப்புறது டிஸ்டில்டு வாட்டரும் மூணுல ஒரு பங்கு கூலன்ட்டும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து போர்த் தண்ணி ஊத்தினா அந்தச் சேறு மறுபடி சேர்ந்துரும்.

பாளை_வி8:

ஓட விடுறதுக்கு முன்னால பிரேக் பாத்துருங்க. முன்பக்கம் டன்லப் முறையில பெண்டிக்ஸ் செஞ்ச டிஸ்க். காலிப்பர்ல உள்ள சிலிண்டர்கள் தனித்தனியா போல்ட்டுல நிக்கும், நின்ன வண்டியில துருப்பிடிச்சு பிஸ்டன் இறுகியிருக்கும். சீல் மட்டும் மாத்தினா துருக்குழி புது சீலை அறுத்துரும், ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு ஹோன் பண்ணணும். மாஸ்டர் சிலிண்டர் ஒரே சுத்து, ஒரு இடத்துல ஒழுகுனா நாலு சக்கரத்துலயும் பிரேக் கிடையாது. அதனால ஸ்டீல் குழாயையும் ஓஸையும் பாதி மாத்தாம முழுசா மாத்துங்க. பின் டிரம்மைக் கழற்ற, ஆக்சில் முனையில சரிவும் சாவியும் இருக்கு, அதுக்குரிய புல்லர் இல்லாம வராது. சுத்தியல்ல அடிச்சா ஆக்சில் மரை போயிரும்.

பேட்டை_வயரிங்:

ஒரே ஒரு விஷயம், ஆனா இதுல எல்லாரும் மாட்டுவாங்க. ஃபைபர் பாடி எர்த் ஆகாது. இரும்பு வண்டிக்குப் பண்ணுற மாதிரி விளக்கைப் பாடியில ஸ்க்ரூ பண்ணி விட்டா எரியாது, இல்லைன்னா வேற விளக்கு வழியா எர்த் தேடி ரெண்டும் மங்கலா எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் பெட்ரோல் டேங்க் மீட்டருக்கும் தனிக் கறுப்பு வயர், எல்லாம் சேஸ்ல பெயின்ட் சுரண்டின ஒரே இடத்துக்கு. பேட்டரி நெகட்டிவ் ஒண்ணு இன்ஜினுக்கு, ஒண்ணு சேஸுக்கு. நீங்க புதுத் தொட்டிக்கு பிரைமர் அடிச்சு, நடுவுல பசையும் வைக்கப்போறீங்க, பழைய எர்த் ஏதாவது தொட்டி வழியா போயிருந்தா அது அறுந்துரும். வேலைக்கு முன்னாடி ஒவ்வொரு விளக்கும் எரியிற படத்தை எடுத்து வச்சுக்கிடுங்க.

தென்காசி_ஆவணம்:

உரிமையாளர் சாலையில் ஓட்ட நினைத்தால் இதையும் சொல்லிவிடுங்கள். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் உருவில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு. படிவம் 20, காப்பீடு, ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி என்றால் பில் ஆஃப் என்ட்ரி (சுங்க இறக்குமதி ஆவணம்). புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருடம் செல்லும். எண்பலகையில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் வரலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. சேஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றி அமைத்தால் இந்தப் பதிவு சிக்கலாகும். அதனால் தொட்டியைப் பழைய வடிவத்திலேயே செய்யுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

வள்ளியூர்_ஃபைபர்:

எல்லாருக்கும் நன்றி. இடது தொட்டியை அறுத்தாச்சு, மடிக்க அளவு கொடுத்திருக்கேன். ஜாக்கி ஏத்தி ரெண்டு நாள் ஆச்சு, கேப் 5, 5, 6-ல நிக்குது. ஃபெண்டர் விரிசல் தானாகவே வாய் மூடிருச்சு, பேப்பர்கூட நுழையல. பாளை அண்ணாச்சி, கடைசியா ஒண்ணு: புதுத் தொட்டியில தண்ணி வடிய ஓட்டை எங்கன வைக்கணும்?

பாளை_வி8:

அடித்தட்டுல, 30 செ.மீ.க்கு ஒண்ணு, 10 மி.மீ. அளவு, பின்கோடியில மட்டும் ரெண்டு. ஸ்டெயின்லெஸ்தான்னாலும் வைங்க, சேறு தங்குனா பிராக்கெட் போல்ட்டு துருப்பிடிக்கும். பசை காஞ்சதும் அந்த ஓட்டை வழியாவே உள்ளுக்குள்ள கேவிட்டி மெழுகு அடிச்சு விடுங்க. அடிச்சு முடிச்சதும் ஓட்டையில கம்பி விட்டுப் பாருங்க, மெழுகே அடைச்சிருக்கும்.